அமுக்கரா (அஸ்வகந்தா) வேர்ப்பொடின்னு சொல்லி இலையையும் அரைச்சு விக்கிறாங்க, பாத்து வாங்குங்க

ரெண்டு மாசமா சரியா தூக்கம் இல்ல, நைட் மூணு மணிக்கு முழிச்சா விடியுற வரைக்கும் ஃபேனை பாத்துட்டு கிடக்குறதுதான். எங்கக்கா அமுக்கரா சூரணம் பால்ல கலந்து குடிடின்னா. தெருமுனை நாட்டு மருந்துக்கடைக்கு நடந்து போயிருந்தா இந்தப் பதிவே இல்ல, சோம்பேறித்தனம், ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பாக்கெட்ல பெருசா வேர் படம், 'நூறு சதவீதம் அஸ்வகந்தா வேர்ப்பொடி, வித்தனோலைடு 2.5%'னு போட்டிருந்துச்சு (வித்தனோலைடுங்கிறது அதுல இருக்கிற மருந்துச் சரக்கு). கால் கிலோ 399 ரூபா.

பிரிச்சா பொடி லேசா பச்சையா இருக்கு. அமுக்கராப் பொடி வெளிறின சந்தன நிறத்துல இருக்கும்னு சின்ன வயசுல ஆச்சி இடிச்சப்ப பாத்த ஞாபகம். வாசனையும் வேற, அஸ்வகந்தான்னு பேர் வந்ததே குதிரை வாடை அடிக்கிறதாலதான், இதுல காஞ்ச புல்லு வாடை. அப்பவே நிறுத்தியிருக்கணும், காசு குடுத்தாச்சேன்னு நாலு நாள் குடிச்சேன், வயித்துல ஒரே எரிச்சல். அதுக்கு இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், அந்த வாரம் ரெண்டு கல்யாண சாப்பாடு வேற.

பொண்ணு பி.எஸ்சி பாட்டனி படிக்கிறா, ஒரு சிட்டிகை காலேஜுக்கு எடுத்துட்டுப் போய் மைக்ராஸ்கோப்ல வெச்சு போட்டோ அனுப்பினா. வேர்ல மாவுச்சத்து மணிமணியா தெரியணுமாம், அது இருக்கு, ஆனா கூடவே கிளை விட்ட ரோமமும் ஸ்டொமாட்டாவும் (இலைல காத்து போய் வர்ற நுண்துளை) நிறைய. "அம்மா, வேருக்கு எங்கம்மா ஸ்டொமாட்டா இருக்கும், மண்ணுக்குள்ள இருக்கிறதுக்கு"ன்னு சிரிக்கிறா.

கஸ்டமர் கேர்ல கேட்டா அந்தப் பையன் கூலா சொல்றான், "மேடம், இலை சேர்த்தா சத்து இன்னும் கூடத்தான், அதனாலதான் எங்களுது 2.5%"னு. எனக்கு ஒரு நிமிஷம் சரியாத்தானே சொல்றான்னு கூட தோணிச்சு.

எங்க ஊர் சித்தா டாக்டர்கிட்ட பாக்கெட்டோட போனேன். அவர் சொன்னதுதான் முக்கியம். செடி ஒண்ணுதாம்மா, ஆனா வேர்ல இருக்கிற சரக்கு வேற, இலைல இருக்கிற சரக்கு வேறன்னாரு. வித்தனோலைடுங்கிறது ஒரே பொருள் இல்லையாம், ஒரு பெரிய குடும்பத்துக்கே பேராம். அதுல வித்தாஃபெரின் ஏ-ன்னு ஒண்ணு இலைலதான் குவிஞ்சு கிடக்கும், அது செல்லையே கொல்லக்கூடிய சமாச்சாரம், அதனாலதான் கேன்சர் ஆராய்ச்சிக்காரங்க அதை நோண்டிட்டு இருக்காங்க. வேர்ல அது கம்மி, வித்தனோலைடு ஏ மாதிரி வேற ஆளுங்க இருப்பாங்க. வெறுமன இடிச்ச வேர்ப்பொடில மொத்தமா 1 சதவீதம் தேறுறதே கஷ்டம், சத்தை மட்டும் பிரிச்செடுத்த எக்ஸ்ட்ராக்ட்னா வேற கதை. சும்மா பொடிக்கு 2.5னு போட்டிருந்தாலே சந்தேகப்படணும்னு சொன்னாரு. வேரைத் தோண்டி, கழுவி, காயவெச்சு, தடிமன் பாத்து பிரிச்சு விக்கணும், இலை சும்மா கிடைக்குது, அதைக் கலந்தா டெஸ்ட்ல நம்பரும் ஏறுது. டபுள் லாபம்.

சித்தாவுல வேரைத்தான் பால்ல பிட்டவியலா, அதாவது பால் ஆவில பிட்டு மாதிரி அவிச்சு, சுத்தி பண்ணி உள்ளுக்கு குடுக்குறது, இலையை வீக்கத்துக்கு மேல வெச்சுக் கட்டுவாங்க, அவ்வளவுதான். 2021 அக்டோபர்லயே ஆயுஷ் அமைச்சகம் இலையைச் சேர்க்காதீங்க, வேரை மட்டும் போடுங்கன்னு கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பிட்டாங்களாம். அஞ்சு பைசாவுக்கு மதிக்கல. இன்னொண்ணு, தைராய்டு மாத்திரை போடுறவங்க, மாசமா இருக்கிறவங்க நல்ல வேராவே இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க.

இப்போ நான் பொடியே வாங்குறதில்ல, வேராவே வாங்கிட்டு வந்து பால்ல அவிச்சு காயவெச்சு மிக்ஸில அடிச்சுக்கிறேன், வேலைதான், ஆனா என்ன குடிக்கிறேன்னு தெரியுது.

பணம்? சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாதுன்னுட்டாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சிருக்கேன், பாப்போம். நேத்து அவங்க பக்கத்தைப் போய் பாத்தேன், 'வேர்ப்பொடி'ல இருந்த 'வேர்' மட்டும் காணோம், வெறும் 'அஸ்வகந்தா பொடி'ன்னு இருக்கு. வேர் படம் மட்டும் அப்படியே இருக்கு.