ஃபைபர் கனெக்‌ஷனோட வந்த பாக்ஸ், வருஷக்கணக்கா யூஸ் பண்ண அனுபவம் (நேட் பிரச்சனை உள்ளவங்களுக்கு)

ஸ்பீடு, வைஃபை ரேஞ்ச் பத்தி குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நேட்னு (வீட்டுல உள்ள எல்லா சாதனமும் ஒரே ஐபி அட்ரஸ்ல வெளிய போற மாதிரி அட்ரஸ மாத்திக் குடுக்குற வேலை) வந்தாதான் இந்த மோடம்-ரவுட்டர் பாக்ஸ் படுத்தி எடுத்துச்சு, அதனால அதை மட்டும் எழுதுறேன்.

முதல்ல சிசிடிவி. கேமரா ரெக்கார்ட் பண்ற டிவிஆருக்கு போர்ட் ஃபார்வர்ட் ரூல் (வெளிய இருந்து வர்ற ரிக்வெஸ்ட்ட இந்த சாதனத்துக்கு அனுப்புன்னு பாக்ஸ்ல போடுற செட்டிங்) எல்லாம் சரியா போட்டாச்சு, ஆனா வெளிய போய் மொபைல் டேட்டால பாத்தா கனெக்ட்டே ஆகல, கஸ்டமர் கேர்ல கேட்டா ரீசெட் பண்ணுங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. தயவுசெஞ்சு ரீசெட் பண்ணாதீங்க, போட்ட செட்டிங் எல்லாம் போயிடும். பாக்ஸோட ஸ்டேட்டஸ் பேஜ்ல வான் ஐபி (இன்டர்நெட் கம்பெனி பாக்ஸுக்கு குடுக்குற அட்ரஸ்) என்னன்னு பாருங்க. எனக்கு அது 100.72-னு ஆரம்பிச்சுது. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ளது எல்லாம் 2012ல இன்டர்நெட் கம்பெனிங்க உள்ளுக்குள்ள யூஸ் பண்ணிக்கன்னே ஒதுக்குன அட்ரஸ். அப்படின்னா கம்பெனி பக்கத்துலயே இன்னொரு நேட் இருக்கு, பல வீடு ஒரே பப்ளிக் ஐபில வெளிய போகுது, வெளிய இருந்து வர்ற ரிக்வெஸ்ட் நம்ம பாக்ஸ் வரைக்கும் வந்து சேரவே சேராது, அப்புறம் நம்ம ரூல் என்ன பண்ணும்? ஐபிவி4ங்கற பழைய முறைல அட்ரஸ் பத்தலங்கறதுனால வந்த வினை இது. காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி (நமக்குன்னே தர்ற, மாறாத பப்ளிக் ஐபி) வாங்குனேன், அதே ரூல்தான், உடனே வேலை செஞ்சுது.

வீட்டு வைஃபைல இருந்துட்டே அந்த பப்ளிக் ஐபிய அடிச்சா இப்பவும் ஓபன் ஆகாது, ஏன்னா இந்த பாக்ஸ்ல நேட் லூப்பேக் (வீட்டுக்குள்ள இருந்து நம்ம பப்ளிக் ஐபிக்கு போறத திரும்ப உள்ளயே விடுற வசதி) கிடையாது. அதனால டெஸ்ட் பண்றப்ப கண்டிப்பா மொபைல் டேட்டால பண்ணுங்க.

அடுத்தது ரொம்ப பேர் லைன் ஃபால்ட்னு நினைச்சுக்குற விஷயம். ஓடிட்டு இருக்குற வீடியோ கால் கட் ஆகாது, ஆனா புதுசா எந்த சைட்டும் திறக்காது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகி ராத்திரி திரும்ப வரும். இது நேட் டேபிள் நிரம்பிடறதுனால. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அதுல ஒரு வரி எழுதி வைக்கும், இந்த மாதிரி சின்ன பாக்ஸ்ல மெமரி கம்மி, டாரண்ட் ஒண்ணு ஓடுனாலே ஆயிரக்கணக்குல கனெக்‌ஷன் திறந்து இடத்த எல்லாம் பிடிச்சிக்கும். டாரண்ட்ல மேக்ஸிமம் கனெக்‌ஷன 100க்கு கீழ குறைச்சேன், அதுக்கப்புறம் அந்த தொல்லை இல்ல.

சொந்த ரவுட்டர் போடுறவங்க பாக்ஸ பிரிட்ஜ் மோடுக்கு (பாக்ஸ் நேட் பண்ணாம லைன அப்படியே நம்ம ரவுட்டருக்கு விடுறது) மாத்த சொல்லுங்க, பிபிபிஓஇ (கம்பெனி லைன்ல லாகின் பண்ற முறை) யூசர்நேம் பாஸ்வேர்டும் அந்த லைனுக்கான விலான் நம்பரும் முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. மாத்தாம அப்படியே சொருகுனா ரெண்டு தடவ நேட் ஆகும், கேம் கன்சோல்ல நேட் டைப் ஸ்ட்ரிக்ட்னு காட்டி பசங்க வாய்ஸ் சாட்டே பண்ண முடியாம தவிச்சாங்க. ஆபீஸ் போன்ல ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டா பாக்ஸ்ல சிப் ஏஎல்ஜிய (இன்டர்நெட் போன் கால்ல உள்ள அட்ரஸ பாக்ஸே மாத்துற செட்டிங்) ஆஃப் பண்ணி பாருங்க, எனக்கு அதுலயே சரியாயிடுச்சு.

புதுசா கனெக்‌ஷன் எடுக்கப் போறவங்க ஸ்பீடு கேக்குறதுக்கு முன்னாடி பப்ளிக் ஐபி தருவீங்களா, புது அட்ரஸ் முறையான ஐபிவி6 இருக்கா, பிரிட்ஜ் மோட் போட விடுவீங்களான்னு கேளுங்க.