கல் படுகையா, மிதவையா, குழாயா? வீட்டு அக்வாபோனிக்ஸில் கசடு அள்ளும் கணக்கு

மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடி வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். மீன் கழிவு செடிக்கு உரமாகும், தண்ணீர் திரும்ப மீனுக்கே போகும். இதில் என்ன மீன் விடுவது என்று யோசிக்கும் முன்பே செடியை எதில் நடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். தொட்டி, பம்ப், குழாய் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும். வீட்டு அளவில் வழிகள் மூன்று. ஜல்லியோ களிமண் உருண்டையோ நிரப்பிய படுகை ஒன்று. தண்ணீரில் மிதக்கும் தெர்மோகோல் பலகையில் ஓட்டை போட்டு நடுவது இன்னொன்று. சாய்வாக வைத்த பிவிசி குழாய்க்குள் மெல்லிய நீரோட்டத்தில் வேரை நனைய விடுவது மூன்றாவது. நான் வைத்திருப்பது கல் படுகை. பக்கத்திலேயே சின்னதாக ஒரு மிதவைத் தொட்டியும் ஓடுகிறது. குழாய் முறையைப் படுகையோடு இணைத்துக் கொஞ்ச காலம் ஓட்டியதோடு சரி, தனியாக நடத்திப் பார்த்ததில்லை. அதனால் குழாயைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான சங்கதிகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடி எடுத்துக்கொள்வது முக்கியமாக இந்த நைட்ரேட்டைத்தான். பாக்டீரியாக்கள் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு நிறைய மீன் விட்டால் அம்மோனியா ஏறி மீன் சாகும். தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, நாளாக ஆகக் கீழே இறங்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பிவிடும், 7-க்கு மேல் ஏறினால் செடிக்கு இரும்புச் சத்து எட்டாது. எனவே 6.5-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது இருவருக்கும் ஒத்துவரும். மீன் தீவனத்தில் இரும்பு போதாது. இளம் இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் கீலேட் செய்த (தண்ணீரில் கரைந்தே நிற்கும்படி பக்குவப்படுத்திய) இரும்பைக் கலக்க வேண்டும். இதெல்லாம் எந்த முறையை எடுத்தாலும் ஒரே வேலைதான்.

வித்தியாசம் வருவது கசடில். மீனுக்குப் போடும் தீவனத்தில் உலர் எடைக் கணக்கில் ஏறத்தாழ கால் பங்கு திடக் கழிவாக வெளியே வருகிறது. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது சிறிய அமைப்புகளுக்கான வழக்கமான கணக்கு. அதாவது தினமும் பத்து, பன்னிரண்டு கிராம் உலர்ந்த கழிவு. கேட்கச் சின்னதாக இருக்கும். தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆன பிறகு அதன் அளவைப் பார்த்தால்தான் தெரியும். இதை எங்கே நிறுத்துவது, யார் அள்ளுவது என்பதற்கு மூன்று முறைகளும் மூன்று பதில் சொல்கின்றன. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். விளைச்சல், அழகு, இடம் எல்லாம் இதற்கு அப்புறம்.

மிதவையை எடுத்துக்கொள்வோம். பலகைக்குக் கீழே வேர் நேராகத் தண்ணீரில் தொங்குகிறது. கசடு வடிகட்டாமல் வந்தால் அது வேரில் படியும். என் மிதவைத் தொட்டியில் ஒரு முறை பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நிறத்தில், தொட்டால் வழுக்கும் மாவு பூசியதுபோல் இருந்தன. அந்தப் பூச்சு ஆக்சிஜனை வேருக்கு விடாது. இலை நன்றாக இருக்கும்போதே செடி நின்ற இடத்தில் நின்றுவிடும். அதனால் மிதவைக்கு முன்னால் கசடு படியும் பீப்பாய் ஒன்று, பாக்டீரியாவுக்குத் தனியாக ஒரு வடிகட்டி என்று இரண்டும் வேண்டும். வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி குழுவினர் திலாப்பியாவை வைத்துப் பேர்பெறச் செய்த மிதவை அமைப்பிலும் கூம்பு வடிவத் தொட்டியும் வலை நிரப்பிய தொட்டிகளும் கசடுக்கென்றே இருந்தன. பெரிய அளவில் பண்ணுகிறவருக்கு இது ஒரு பாரமில்லை. அதற்கென்று ஆள் இருக்கும். வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். பீப்பாயின் அடி வால்வைத் திறந்து கறுப்புத் தண்ணீரை விடுவதை ஒரு வாரம் மறந்தாலும் வடிகட்டி அழுக ஆரம்பித்துத் தொட்டி முழுக்க நாறும்.

குழாய் இன்னும் கறார். நீரோட்டம் விரல் பருமன்கூட இருக்காது, ஒரு குழாய்க்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான். உள்ளே விடும் நுண்குழாயின் வாயில் கொஞ்சம் கசடு சேர்ந்தால் போதும், அந்த வரிசை முழுக்கக் காயும். வேர் பெருத்தாலும் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் குழாயின் பக்கம்: எடை. மாடியில் பாரம் ஏற்றக் கூடாது என்கிற இடத்தில் வேறு வழியே இல்லை.

கல் படுகையில் அந்தப் பீப்பாயும் வடிகட்டியும் படுகைக்குள்ளேயே இருக்கின்றன. மீன் தொட்டித் தண்ணீர் கசடோடு அப்படியே மேலே வந்து கொட்டுகிறது. கற்களுக்கு இடையில் கசடு தங்குகிறது, கல்லின் மேற்பரப்பில் பாக்டீரியா குடியிருக்கிறது, தண்ணீர் தெளிந்து கீழே இறங்குகிறது. களிமண் உருண்டை ஒரு கன மீட்டரில் 250 முதல் 300 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு தரும் என்பதால் பாக்டீரியாவுக்கு இடப் பஞ்சமே இல்லை. படுகையில் ஒரு கைப்பிடி சிவப்பு மண்புழு விட்டால் மீதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும். தண்ணீர் நிரம்பி வடிகிற படுகையில் புழு மூழ்கிச் செத்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் அது தாக்குப்பிடிக்கும். கொஞ்ச நாள் கழித்துக் கல்லை விலக்கிப் பார்த்தால் கறுப்பான மக்குக்கு நடுவில் நெளிந்துகொண்டிருக்கும். கசடுக்குள் பூட்டியிருந்த பொட்டாசியமும் பாஸ்பரஸும் கரைந்து செடிக்குக் கிடைப்பது கூடுதல் லாபம். மிதவையில் அதே கசடை வால்வு வழியே வெளியே ஊற்றிவிடுகிறோம்.

படுகை 30 செ.மீ. ஆழம் இருக்கட்டும். மேலே ஐந்து செ.மீ. எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரம் மேலே வந்தால் பாசி பிடிக்கும், தண்டு அழுகும். கல் 8 முதல் 20 மி.மீ. அளவு. வாங்கும் முன் ஒரு பிடி கல்லில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், அது பிஹெச்சை ஏற்றிக்கொண்டே போகும், வேண்டாம்.

நிரம்பி வடிவதற்கு மணி சைஃபன் (bell siphon) அழகான ஏற்பாடு. படுகைக்குள் நிற்கும் வடிகுழாய்தான் நடுக்குழாய், அதன் மேல் மணிபோல் ஒரு மூடியைக் கவிழ்த்திருப்பார்கள். தண்ணீர் நடுக்குழாயின் வாயைத் தாண்டியதும் உறிஞ்சல் தொடங்கிப் படுகை காலியாகும். வடிப்பதற்கு மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை, தண்ணீர் தன் பாட்டுக்குச் சடாரென்று இறங்கும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே வரும் நீர் குறைந்தால் உறிஞ்சல் தொடங்காமல் நடுக்குழாய் வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். கூடினால் தொடங்கியது நிற்காது. வேர் ஒன்று மணிக்குள் நுழைந்தாலும் இதே கதை. மணியைச் சுற்றி ஓட்டை போட்ட அகலக் குழாய் ஒன்றைக் காவலாக வைத்தால் கல்லைத் தோண்டாமல் கையை விட்டு மணியை உருவி எடுத்துக் கழுவலாம். இந்தச் சரிப்படுத்தல் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு டைமர் போதும். பம்ப் 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்கும், நடுக்குழாயின் அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியே படுகை மெல்ல வடியும். எனக்கு சைஃபன் பிடிக்கும். அது ரசனை சார்ந்தது, வாதிட மாட்டேன்.

இனி படுகையின் குறைகள். முதலாவது பாரம். ஒரு சதுர மீட்டர் படுகையில் ஜல்லி மட்டும் ஐந்நூறு கிலோவை நெருங்கும், தண்ணீர் நிரம்பும்போது இன்னும் நூறு கிலோவுக்கு மேல். களிமண் உருண்டை போட்டால் கல்லின் எடை நான்கில் ஒரு பங்காகக் குறையும், செலவு கூடும். மிதவையை லேசானது என்று நினைப்பவர்களும் உண்டு. 30 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ, அது எப்போதும் நின்றுகொண்டே இருக்கும் பாரம். தரைத்தளமானால் கவலையில்லை. மாடியானால் கட்டிடம் தெரிந்தவரைக் கேட்காமல் கல் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, படுகையும் ஒரு நாள் அடைக்கும். மீன் அளவோடு இருந்து புழுவும் இருந்தால் அந்த நாள் வருவதற்கு வருஷக்கணக்காகும். ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ என்பதைத் தாண்டி மீனை அடைத்தால் சீக்கிரமே வந்துவிடும். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்றில்லாத மூலைகள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். அப்போது பாதிப் படுகையை மட்டும் கிளறி அலசுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கழுவினால் பாக்டீரியாவும் போய் அம்மோனியா ஏறும். அழுக்கான, இடுப்பு வலிக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எப்போதாவது வரும் வேலை. வாராவாரம் வால்வு திறப்பதையும் இதையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்கு இது மலிவு.

மின்சாரம் போனால்? குழாயில் சில மணி நேரத்தில் செடி தலை தொங்கும். மிதவையில் செடிக்கு அவசரமில்லை, படுகையில் கல்லின் ஈரம் ஒரு நாள் போலத் தாங்கும். மீனுக்கு மூன்றிலும் ஒரே ஆபத்துதான், அதனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் கையிருப்பில் இருக்கட்டும்.

கீரை, லெட்யூஸ் மட்டும்தான் வேண்டும், நிறைய வேண்டும், வரிசையாக அறுவடை செய்ய வேண்டும் என்றால் மிதவையை எடுங்கள். பலகையைத் தூக்கினால் வேரோடு வரும், அடுத்த நாற்றை உடனே நடலாம். படுகையில் ஒரு செடியைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வரும், வேர்த் துண்டு உள்ளேயே தங்கும். தக்காளி, மிளகாய், கத்தரி மாதிரி நின்று காய்ப்பவற்றுக்குக் கல் பிடிமானம் தருகிறது, மிதவையில் பெரிய தக்காளிச் செடியை நிமிர்த்தி வைப்பதே ஒரு வித்தை. காய்க்கும் செடிக்குத் தீவனமும் கூடுதலாக வேண்டும், சதுர மீட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை. அதற்கேற்றாற்போல் கசடும் கூடும், அதைத் தாங்குவதும் படுகைதான்.

இரண்டும் வேண்டுமென்றால் வரிசையைக் கவனியுங்கள். மீன் தொட்டியிலிருந்து முதலில் கல் படுகை, அங்கே தெளிந்த தண்ணீர் மிதவைக்கு, மிதவையிலிருந்து பம்ப் வழியாகத் திரும்ப மீனுக்கு. படுகை வடிகட்டியாகிவிடுவதால் மிதவைக்குத் தனிப் பீப்பாய் வேண்டியதில்லை, அதற்குக் காற்றுக் குமிழி விடும் கல் ஒன்றைப் போட்டால் போதும். மிதவையின் பரப்பு படுகையைவிடப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதவை பெரிதானால் தீவனமும் கூட வேண்டும், தீவனம் கூடக் கூடக் கசடும் கூடும், அப்போது வடிகட்டியாக நிற்கும் படுகை சீக்கிரம் திணறிவிடும்.