ரைஃபிள் கட்டையைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று 560 டாலர் வாங்கிக் கெடுத்துவிட்டார்: யாரும் ஏமாறாதீர்கள்

நேற்று மாலை பெட்டி வந்தது. திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆறின பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும் என்று இப்போதே எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் லைசன்ஸ் எடுத்து, பழைய லித்கோ (நியூ சவுத் வேல்ஸில் இருந்த ஆயுதத் தொழிற்சாலை) ரைஃபிள் வைத்திருக்கும் நம்மவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள்.

1943இல் லித்கோவில் செய்த எஸ்.எம்.எல்.இ. (பிரிட்டிஷ் ராணுவ வகை) ரைஃபிளின் மரம் அது. கோச்வுட். வால்நட்டைவிட மிருதுவான உள்ளூர் மரம். இரும்பெல்லாம் பூட்டிய பெட்டியில் இருக்க, கட்டைகளை மட்டும் கழற்றி அனுப்பினேன். கேட்ட வேலை மூன்றுதான்: மேல் அழுக்கை எடுப்பது, பின்கட்டையில் (தோளில் ஊன்றும் பகுதி) இருந்த இரண்டு அமுங்கலைச் சரிசெய்வது, முன்கட்டையின் (குழலைத் தாங்கும் பகுதி) பின்முனையில் விட்டிருந்த மயிரிழை விரிசலுக்குப் பித்தளைக் கம்பி கோத்து ஒட்டுவது. முதல் இரண்டும் வீட்டிலேயே முடியும். விரிசலுக்காகத்தான் வெளியே கொடுத்தேன்.

ஆள் கிடைத்தது வாங்க விற்க உதவும் ஒரு இணையதளத்தில். வீட்டு ஷெட்டிலேயே ராணுவ ரைஃபிள் கட்டைகளைப் புதுப்பிப்பவர் என்று போட்டிருந்தது. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “உப்புத்தாள் கிட்டயே வராது. ரா லின்சீட் ஆயில், அதாவது பச்சை ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான். முத்திரை ஒன்றும் அழியாது.” வேலை தெரிந்தவன் வாயிலிருந்து வரும் வார்த்தைகள் இவை. அங்கேதான் நம்பினேன். வேலைக்கு 410, கம்பி கோக்க 150, மொத்தம் 560 டாலர். “தளம் கமிஷன் பிடிக்கும், நேரே வங்கிக்கு அனுப்பிவிடுங்கள்” என்றார். அனுப்பினேன். அந்த ஒரு வரியிலேயே விழித்திருக்க வேண்டும்.

வந்ததைச் சொல்கிறேன். பின்கட்டையை அதன் பித்தளைத் தகட்டோடு சேர்த்துப் பார்த்தால் தகட்டின் விளிம்பு மரத்தைவிடச் சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெர்னியரில் ஒரு பக்கம் 0.9 மி.மீ., மறுபக்கம் 1.2. தொழிற்சாலையில் மரத்தை இரும்புக்கும் பித்தளைக்கும் சமமாகவோ மயிரிழை மேலாகவோதான் விடுவார்கள். கீழே இறங்கியிருந்தால் மெஷின் வைத்துத் தேய்த்தார்கள் என்று அர்த்தம். வலப்பக்கம் மரத்தில் பதித்திருந்த தயாரிப்பு முத்திரைகள் மொத்தமாகப் போய்விட்டன. ‘ஸ்லாஸ் 43’ என்று ஒன்று இருந்தது. டென்னிஸ் ராக்கெட் செய்த ஸ்லாசெஞ்சர்தான் போர்க்காலத்தில் லித்கோவுக்குக் கட்டையும் செய்து கொடுத்தது, அதன் அடையாளம். அந்த எழுத்துக்காகத்தான் இந்த மரத்துக்கே மதிப்பு. எத்தனை எண்ணெய் பூசினாலும் அது திரும்பாது.

அழுக்கை எடுத்த லட்சணம் இன்னும் மோசம். ஸ்க்ரூ துளைகளுக்குள் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காதுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துத் துளைக்குள் சுழற்றி, சிவப்பு லிட்மஸ் தாளில் தொட்டேன். பளிச்சென்று நீலம், அதாவது காரம். காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார், அல்லது ஓவன் கிளீனர் அடித்திருக்கிறார். காஸ்டிக் பழைய எண்ணெயைச் சோப்பாக்கிக் கழற்றும், உண்மைதான். ஆனால் நாரையும் சேர்த்துத் தளர்த்தும், மேற்பரப்பு பஞ்சுபோல் எழும்பும். எழும்பினதை மறைக்க மெஷின். மெஷின் தேய்த்த வெளுப்பை மறைக்க வால்நட் ஸ்டெயின். கோச்வுட்டில் அது திட்டுத்திட்டாக நிற்கிறது. அதற்கு மேலே பாலியூரிதேன் வார்னிஷ், ரா லின்சீட் அல்ல. நகத்தால் கீறினேன், செதிலாக வந்தது.

இதையெல்லாம்கூட அழகு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடலாம். விட முடியாதது செப்புத் தகடு. கோச்வுட் மிருது என்பதால், முன்கட்டையின் பின்முனையில் ரிசீவர் (குழல் பொருத்திய இரும்பு உடல்) வந்து மோதும் இரண்டு இடத்திலும் லித்கோவில் செப்புத் தகடு வைத்தார்கள். சுடும்போது முன்கட்டைக்கு வரும் பின்னுதைப்பு அந்த இரண்டு முகத்தில்தான் இறங்கும். பெட்டியில் தகடு இரண்டுமே இல்லை. அந்த இடத்தையும் தேய்த்து வைத்திருக்கிறார். இரும்பைப் பொருத்தினால் முன்கட்டை முன்னும் பின்னும் ஆடுகிறது. இப்படியே சுட்டால் பின்முனை பிளக்கும். சரிசெய்யக் கொடுத்த விரிசல் எங்கே இருந்ததோ அதே இடத்தில். அந்த விரிசலுக்குக் கம்பியும் கோக்கவில்லை. மரத்தில் ஊறிய எண்ணெயை அசிட்டோன் போட்டு எடுக்காமல் மேலாக எபாக்சி பசை தடவியிருக்கிறார். கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது. அதற்கு 150 டாலர்.

கேட்டேன். முதல் பதில்: “பழைய மரம், அப்படித்தான் இருக்கும்.” முத்திரை எங்கே என்றதற்கு, “அழுக்கோடு போயிருக்கும்.” செப்புத் தகடு? “முன்பு யாரோ ஒட்டுப்போட்டது என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிட்டேன்.” லித்கோ கட்டைக்கு வேலை செய்கிறவர் சொல்கிற பேச்சா இது? பணம் கேட்டதும், இன்னொரு 200 கொடுத்தால் திரும்பச் செய்து தருகிறாராம். பிறகு செய்தியைப் பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் தங்கள் வழியாக வரவில்லை, இது பொருள் அல்ல சேவை, தலையிட முடியாது என்று இரண்டு வரி. வங்கியோ, நீங்களாக அனுப்பிய பணம் என்கிறது. 560 டாலர் போயே போச்சு.

வீட்டிலேயே செய்யும் முறையை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

எஸ்.எம்.எல்.இ.யில் முன்கட்டையைக் கழற்றாமல், பின்கட்டையை இரும்போடு பிணைக்கும் போல்ட்டைத் திருப்பவே கூடாது. போல்ட்டின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் மாட்டியிருக்கும். திருப்பினால் மரம் பிளந்துவிடும்.

அழுக்குக்கு டர்பன்டைனும் பாயில்ட் லின்சீடும் (சீக்கிரம் உலரும் ஆளிவிதை எண்ணெய்) பாதிக்குப் பாதி, மிக மெல்லிய 0000 நம்பர் ஸ்டீல் வுல், நார் போகும் திசையில். முத்திரை மேல் துணி மட்டும். அமுங்கலுக்கு ஈரத்துணி, அதன் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி, சில விநாடி வைத்து எடுங்கள்; நார் அறுந்திருந்தால் எழும்பாது, விட்டுவிடுங்கள். எண்ணெயை மெல்லியதாகப் பூசி 15 நிமிடத்தில் துடைத்துவிட வேண்டும், தேங்கினால் பிசுபிசுக்கும். லின்சீட் நனைந்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எல்லா முத்திரையையும் செப்புத் தகட்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, என்ன எண்ணெய், என்ன முறை என்று எழுத்தில் வாங்குங்கள். தளத்துக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். 1940களின் கோச்வுட் முன்கட்டைக்கு உரிய செப்புத் தகடு ஒரு ஜோடி யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.