விளிம்பைக் காட்டாத பதக்கக் கடை

பழைய நாணயங்களோடு ராணுவப் பதக்கங்களும் பித்தளைத் திசைகாட்டிகளும் விற்கும் ஓர் இணையக் கடையின் பட்டியலைக் கவனித்து வந்து, அதிலிருந்து ஒரு பதக்கத்தை வாங்கிய பின் இதை எழுதுகிறேன். பொருளைப் பத்திரமாகக் கட்டி அனுப்புவதில் கடைக்காரர் கெட்டிக்காரர். குறையெல்லாம் விவரக் குறிப்பிலும் விலையிலும்தான்.

நான் வாங்கியது, முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். கடை அதை 'மிக அரியது' என்கிறது. வெள்ளியில் சுமார் 65 லட்சம் பதக்கங்கள் வழங்கப்பட்டிருக்க, அந்தச் சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. தொழிலாளர் படைகளைச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வெண்கலப் பதக்கமே ஒப்பீட்டில் அரியது. அதைப் பற்றிக் கடையின் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பதக்கத்தின் மதிப்பை முடிவு செய்வது அதன் விளிம்பு. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே அச்சுகொண்டு அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பெயரை அராவி அழித்துவிட்டு, பாளையங்கோட்டை இலகு காலாட்படை போன்ற, வாங்குவோரை ஈர்க்கும் பிரிவின் பெயரைப் புதிதாக வெட்டி விற்பவர்கள் உண்டு என்பதால், குறுக்களவு 36 மில்லிமீட்டருக்குக் குறைகிறதா, எழுத்துகள் அழுத்தப்பட்டவையா அல்லது கீறப்பட்டவையா என்று வெர்னியர் அளவியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு பார்த்தே ஆகவேண்டும். இந்தக் கடையோ மன்னரின் தலையையும் குதிரைவீரனையும் பளிச்சென்று காட்டிவிட்டு விளிம்பை மறைத்துவிடுகிறது. கேட்டபோது, பலமுறை நினைவூட்டிய பிறகே, மங்கலான ஒரு படம் வந்தது. எனக்குக் கிடைத்த பதக்கம் அசல்தான்; ஆனால் அதே வகை ஏலங்களில் போகும் விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்திருக்கிறேன். கூடுதலாகக் கொடுத்தது கடை சொன்ன கதைக்கான விலை என்று கொள்ளலாம்.

கதைக்கு விலை வைக்கும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்கான பர்மா நட்சத்திரம் என்ற பதக்கத்தில் இன்னும் வெளிப்படை. 1944இல் இம்பாலில் போரிட்ட வீரருடையது என்கிறார்கள்; பின்புறம் வெறுமையாக இருக்கிறது, பணிப்பதிவோ கடிதமோ எதுவும் உடன் இல்லை. பிரிட்டிஷ் அரசு தன் படையினருக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலேயே வழங்கியதால், ஆவணம் இல்லாத நிலையில் இன்னாருடையது என்று சொல்ல வழியில்லை. பெயரில்லாத ஒன்றைப் போலியாகச் செய்வதும் எளிது.

'கடற்படை, 1915' என்று பொறித்த பித்தளைத் திசைகாட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முராதாபாத் போன்ற ஊர்களில் அலங்காரப் பொருளாகப் புதிதாகச் செய்யப்படும் வகை அவை. மேசைக்கு அழகாகத்தான் இருக்கும். பச்சைக் களிம்பு மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் படிந்திருந்தால் அது அமிலத்தின் வேலை என்று ஐயுறலாம்.

ஒன்று மட்டும் கடைக்காரர் விளக்கியாக வேண்டும். 'உலகெங்கும் அனுப்புகிறோம்' என்று முகப்பில் எழுதியிருக்கிறார். வரலாற்றுச் சிறப்புடைய, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பொருள்களைத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் 1972இலேயே இந்தியாவில் இயற்றப்பட்டுவிட்டது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அசல் என்றால் அந்த வயதைக் கடந்தவை. வெளிநாட்டுக்குத் தயங்காமல் அனுப்புகிறார் என்றால், சட்டத்தையோ பதக்கத்தின் வயதையோ அவரே நம்பவில்லை என்றுதான் பொருள்.