பிகேடி பிளாஸ்மிட் வரிசை: ஈஸ்ட் புரதத்துக்கு ஒளிரும் வால் கட்ட

மொட்டுவிடும் ஈஸ்டில் ஒரு புரதத்தை அதன் சொந்த ப்ரொமோட்டரின் (ஜீனை இயக்கும் டிஎன்ஏ பகுதி) கீழ், குரோமோசோமில் அது இருக்கும் இடத்திலேயே ஒளிர வைக்க முதலில் எடுக்க வேண்டியது பிகேடி (pKT) என்ற பிளாஸ்மிட், அதாவது வட்ட டிஎன்ஏ, வரிசைதான். ஷெஃப், தார்ன் இருவரும் 2004-இல் வெளியிட்டது. பிகேடி127-இல் ஒய்ஈஜிஎஃப்பியோடு (பச்சை ஒளிர் புரதமான ஜிஎஃப்பியின் ஒரு வடிவம்) கேன் மார்க்கர் (ஜி418 மருந்தைத் தாங்க வைக்கும் ஜீன்), 128-இல் ஹிஸ்3 குறையை ஈடுகட்டும் பிளவு ஈஸ்டின் ஹிஸ்5, 209-இல் கேண்டிடாவின் யூரா3. 1998-இல் வந்த பிஎஃப்ஏ6ஏ என்ற பழைய பிளாஸ்மிட் தொகுப்பின் ஜிஎஃப்பி ஈஸ்டுக்கென்று கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) மாற்றி எழுதப்பட்டதல்ல. ஒய்ஈஜிஎஃப்பி அப்படி எழுதப்பட்டது. அளவில் குறைந்த புரதங்களைத் தேடும்போது அந்த வேறுபாடு தெரியும்.

வரிசை முழுவதற்கும் ப்ரைமர் வால் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏவில், பிளாஸ்மிட்டில் ஒட்டும் முனை) ஒன்றே என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரு ஜீனுக்கு ஒரு ஜோடி வாங்கினால் போதும். நிறமோ மார்க்கரோ மாற, டெம்ப்ளேட்டை மாற்றினால் ஆயிற்று. முன் ப்ரைமரில் ஸ்டாப் கோடானுக்கு முந்தைய 40 முதல் 50 எழுத்துகள், பின்னது ஸ்டாப்புக்குப் பின்னால் உள்ள 40 முதல் 50 எழுத்துகளின் எதிரிழை. ஸ்டாப் கோடானை முன் ப்ரைமரில் சேர்த்துவிட்டால் காலனி வரும், ஒளி வராது. டெம்ப்ளேட் பிளாஸ்மிட் ஈஸ்டில் தானாகப் பெருகாது. அதனால் பிசிஆருக்குப் பின் அதை வெட்டி அழிக்க வேண்டியதில்லை.

கேன் மார்க்கர் என்றால், பிசிஆர் துண்டை ஈஸ்டுக்குள் செலுத்தும் வெப்ப அதிர்ச்சி முடிந்ததும் நேரே தட்டில் ஊற்றாதீர்கள். ஒய்பிடி என்ற சத்து ஊடகத்தில் 3 மணி நேரம் வளரவிட்டு, மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஜி418 உள்ள தட்டில் பரப்புங்கள். மறுநாள் தட்டு முழுக்கப் படரும் மெல்லிய படலத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். புதிய ஜி418 தட்டுக்கு வெல்வெட்டால் பதித்தால் உண்மையானவை மட்டும் நிற்கும். செயற்கை ஊடகத்தில் அமோனியம் சல்ஃபேட் இருந்தால் ஜி418 சரியாக வேலை செய்யாது. அதற்குப் பதில் லிட்டருக்கு 1 கிராம் மோனோசோடியம் குளூட்டமேட் போடுங்கள்.

இந்த வரிசையின் பலவீனம் ஒரே ஸ்ட்ரெயினில் இரண்டாவது டேக் (ஒளிரும் வால்) கட்டும்போதுதான் வெளிப்படும். கேன், ஹிஸ்5 இரண்டுக்கும் டெஃப் ப்ரொமோட்டரும் டெர்மினேட்டரும் (ஜீன் படியெடுப்பை நிறுத்தும் பகுதி) ஒன்றே. டேக்கின் பின்னால் உள்ள ஏடிஹெச்1 டெர்மினேட்டரும் பொதுவானது. ஆகவே புதிய கேசட் (டேக்கும் மார்க்கரும் சேர்ந்த துண்டு) குறிவைத்த ஜீனை விட்டு, பழைய கேசட்டின் மேலேயே போய் உட்காரக்கூடும். வந்த காலனிகளை இரண்டு மார்க்கருக்கும் சேர்த்துச் சோதிக்காமல் நம்பாதீர்கள். இரண்டு டேக்கையும் தனித்தனி ஸ்ட்ரெயினில் போட்டு இணைசேர்த்து ஸ்போர் பிரிப்பது இன்னும் பாதுகாப்பானது.

ராஸ்2, காஸ்1, கார்2 போல வால் நுனியிலேயே சமிக்ஞை உள்ள புரதங்களுக்கு இது உதவாது. வாக்குவோல் என்ற செல் பையின் அமிலத்தில் ஜிஎஃப்பி மங்கும். அங்கே எம்செர்ரி மேல். ஏடிஇ2 (அடினைன் ஆக்க உதவும் ஜீன்) குறையுள்ள ஸ்ட்ரெயினில் சிவப்பு நிறமி பின்னணியைக் கெடுக்கும், அடினைன் கூடுதலாகக் கொடுங்கள். நீண்ட ப்ரைமர்களில் எழுத்து விடுபடுவது சகஜம். இணைப்புப் பகுதியை சீக்வென்ஸ் செய்யாத ஸ்ட்ரெயினை உறைபெட்டியில் சேர்க்காதீர்கள்.