இலவச விடுமுறை வவுச்சர்: வாடிக்கையாளருக்குக் கொடுத்த பிறகு தெரியவரும் கணக்கு

வாடிக்கையாளரை இழுக்க விற்பனையாளர் பரிசாகக் கொடுக்கும், சில இரவு ரிசார்ட்டில் தங்குவதற்கான சீட்டுதான் விடுமுறை வவுச்சர். அதன் வேகம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். பொருளை விளக்கிக் காட்டும் டெமோவுக்கு ஆள் வருவது கூடும், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் வவுச்சரின் செல்லுபடிக் காலம் பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். வாடிக்கையாளர் தேதி கேட்டுப் போன் செய்யும்போதுதான் புகார் தொடங்குகிறது. அதனால் இரண்டு மூன்று மாதப் பயன்பாட்டை வைத்துச் சொல்லப்படும் பாராட்டு பாதிக் கதைதான். ஒரு முழு சுற்று முடிந்த பிறகு மிஞ்சும் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் இதன் உள்கட்டமைப்பு. முகமதிப்பில் பல நூறாகப் போட்டிருக்கும் வவுச்சர், மொத்தமாக வாங்கும் விற்பனையாளருக்கு ஒரு நல்ல பேனா விலைக்குக் கிடைக்கிறது. மீதிப் பணத்தை யாரோ கொடுக்க வேண்டுமே? கொடுப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, டைம்ஷேர் (ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை) அல்லது விடுமுறை உறுப்பினர் திட்டம் விற்கும் ரிசார்ட். அறை வாடகையை அவர்கள் ஏற்கிறார்கள். பதிலுக்கு வாடிக்கையாளர் 90 முதல் 120 நிமிடம் அவர்களுடைய விற்பனைக் கூட்டத்தில் உட்கார வேண்டும். வயது வரம்பு, குறைந்தபட்ச வருமானம், கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் இந்த வகையில்தான் வரும். இரண்டாவது வகையில் கூட்டம் கிடையாது. அங்கே வருமானம், வவுச்சரைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறவர்களிடமிருந்தும் கட்டணங்களிலிருந்தும் வருகிறது. வாங்கியவர்களில் மிகச் சிலரே கடைசிவரை போவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் விலை போடப்பட்டிருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பு தானாக நிறைவேறுவதில்லை, நடைமுறையே அதற்கேற்ப அமைக்கப்படுகிறது. வவுச்சர் கைக்கு வந்த 14 அல்லது 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதாவது வவுச்சர் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அங்கேயே முடிந்தது. பிறகு கட்டணம். பிறகு மூன்று வெவ்வேறு தேதிகள் கொடுக்க வேண்டும், அவற்றுக்கிடையே 30 நாள் இடைவெளி, முதல் தேதி குறைந்தது 45 அல்லது 60 நாள் தள்ளி. பண்டிகைக் காலம், பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி ஆகியவை பிளாக்அவுட், அந்த நாட்களில் வவுச்சர் செல்லாது. மூன்று தேதியிலும் அறை இல்லை என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். ரிசார்ட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வசிப்பவருக்குக் கிடையாது, ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்ற வரிகள் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும்.

வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் பணத்தை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்க்கலாம். அறை வாடகை இரவுக்கு 100; இரண்டு இரவு என்பதால் வவுச்சரின் முகமதிப்பு 200. ஆக்டிவேஷன் கட்டணம் 20. வரியும் ரிசார்ட் கட்டணமும் இரவுக்கு 30 வீதம் 60. வார இறுதியில் தங்கினால் இரவுக்கு 20 வீதம் இன்னும் 40. ஆக 120. இதற்கு மேல் 50 டெபாசிட் பல வாரம் முடங்கிக் கிடக்கும். அதே தரத்து அறை, கூட்டமில்லாத பருவத்தில் புக்கிங் தளத்தில் இரவுக்கு 70 என்றால் இரண்டு இரவுக்கு 140. உண்மையான ஆதாயம் 20 மட்டுமே. வரியும் பயணச் செலவும் சாப்பாடும் தன்னுடையவை என்று முன்பே தெரிந்தவர் இதற்கும் சந்தோஷப்படுவார். ‘200 இலவசம்’ என்று கேட்டு வந்தவர் ஏமாந்ததாகவே நினைப்பார். அந்தக் கோபம் வவுச்சர் நிறுவனத்தின் மேல் திரும்பாது. அந்த நிறுவனத்தின் பெயர்கூட அவருக்கு நினைவிருக்காது. கொடுத்தவர் பெயர் நன்றாக நினைவிருக்கும். பரிந்துரை மூலம் புது வாடிக்கையாளர் வரும் தொழிலுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

‘பெரும்பாலோர் பயன்படுத்த மாட்டார்கள்’ என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. இதற்குப் பதிவான உதாரணம் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் 1992இல் நடத்திய திட்டம். 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்குப் போய்வர விமான டிக்கெட். முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கும். படிவங்களும் நிபந்தனைகளும் பலரை வடிகட்டிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். டிக்கெட்டின் விலை பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மக்கள் உடனே கவனித்தார்கள். டிக்கெட்டுக்காகவே வாக்யூம் கிளீனர் வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவு, 1998 வரை வழக்குகள், 1995இல் ஐரோப்பியப் பிரிவே கைமாறியது. பரிசின் மதிப்பு பொருளின் மதிப்பைத் தாண்டினால் வருகிறவர் பொருளுக்கு வாடிக்கையாளர் அல்ல, பரிசுக்கு வாடிக்கையாளர்.

சிறிய அளவிலும் இதே விளைவுதான். டெமோவுக்கு வந்தாலே வவுச்சர் என்று அறிவித்தால் லீட் (வாங்கக்கூடும் என்று வருபவர்) எண்ணிக்கை ஏறும், விற்பனையாக மாறும் விகிதம் இறங்கும். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். லீட் ஒன்றுக்கு என்ன செலவு என்று பார்த்தால் திட்டம் வெற்றி போலத் தோன்றும். முடிந்த விற்பனை ஒன்றுக்கு என்ன செலவு என்று பார்த்தால் உண்மை தெரியும். விற்பனை ஊழியரின் நேரத்தையும் அந்தச் செலவில் சேர்க்க வேண்டும், வவுச்சர் விலையைவிட அதுதான் அதிகம்.

கொடுக்க நல்ல நேரம் முழுப் பணமும் வந்து, ரத்து செய்யும் கால அவகாசமும் முடிந்த பிறகு. ஒப்பந்தம் ரத்தானாலும் கொடுத்த வவுச்சரைத் திரும்ப வாங்க முடியாது. அதைவிட நன்றாக வேலை செய்வது முன்கூட்டியே அறிவிக்காமல், பழைய வாடிக்கையாளருக்கு நன்றியாகக் கொடுப்பது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றமும் குறைவு.

கட்டாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு வவுச்சரை வாங்கி, உங்களோடு தொடர்புடையவர் என்று வவுச்சர் நிறுவனத்துக்குத் தெரியாத ஒருவர் பெயரில் ஆக்டிவேஷன் முதல் செக்-அவுட் வரை நடத்திப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலை மற்ற எல்லா விசாரணையையும் விடப் பயனுள்ளது. எத்தனை நாளில் பதில் வருகிறது, போனை மனிதர் எடுக்கிறாரா, எந்தெந்த இடத்தில் பணம் கேட்கிறார்கள், டெபாசிட் எப்போது திரும்புகிறது, ரிசார்ட் வரவேற்பில் மரியாதையாக நடத்துகிறார்களா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். செல்லுபடிக் காலம் அச்சான நாளிலிருந்தா, கொடுத்த நாளிலிருந்தா, ஆக்டிவேட் செய்த நாளிலிருந்தா என்று எழுத்தில் வாங்க வேண்டும். அச்சான நாளிலிருந்து என்றால், அலமாரியில் எட்டு மாதம் கிடந்த கட்டு வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது பாதி செத்திருக்கும். நிபந்தனைப் பக்கத்தை வாங்கிய தேதியோடு சேமித்து வைப்பதும் அவசியம். இணையத்தில் உள்ள நிபந்தனைகள் சத்தமில்லாமல் மாறும்.

ஆக்டிவேஷன் படிவத்தில் போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருக்குப் போகின்றன என்றும் கேளுங்கள். ‘எங்கள் கூட்டாளிகளுடன் பகிர்வோம்’ என்று இருந்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு மாதக்கணக்கில் விற்பனை அழைப்பு வரும். அப்படிப்பட்ட வவுச்சரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

‘இலவசம்’ என்ற சொல்லில் சட்டமும் நுழைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நியாயமற்ற வணிக நடைமுறைகள் வழிகாட்டுதல், பதில் அனுப்புவதற்கும் பொருளைப் பெறுவதற்கும் ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தாண்டி வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டிய எதையும் இலவசம் என்று சொல்வதைத் தடைப்பட்டியலிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் நிபந்தனைகளை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. காப்பீட்டுத் துறையில் பாலிசி எடுக்கத் தூண்டும் பரிசுகளுக்குப் பல நாடுகளில் தடையோ கடும் வரம்போ உண்டு. வாடிக்கையாளர் ஒரு நிறுவனமாக இருந்து, வவுச்சர் அதன் கொள்முதல் அதிகாரிக்குப் போனால் அது லஞ்சமாகவே பார்க்கப்படலாம். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு இடையிலான லஞ்சத்தையும் குற்றமாக்குகிறது. அங்கே இந்தப் பரிசே வேண்டாம்.

ஊழியர்கள் சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு விதமாக ஊதிப் பெருக்குவார்கள். “இரண்டு இரவு அறை வாடகையை இந்த வவுச்சர் ஏற்கும். வரி, ரிசார்ட் கட்டணம், பயணம், சாப்பாடு உங்கள் செலவு. 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யுங்கள். 60 நாள் முன்னதாகத் தேதி கேளுங்கள். விற்பனைக் கூட்டம் ஒன்று உண்டு, இரண்டு மணி நேரம் ஆகலாம்.” இதையே ஒரு பக்கமாக அச்சிட்டு உறையில் வைத்து, கொடுத்த தேதியையும் எழுதலாம். இவ்வளவையும் கேட்டு ‘வேண்டாம்’ என்பவருக்குச் சிறிய தொகைக்கான கடைப் பரிசு அட்டையை மாற்றாகக் கொடுக்கலாம். இரண்டையும் முன்னால் வைத்தால் பலர் அட்டையைத்தான் எடுப்பார்கள்.

பதிவேட்டில் வவுச்சர் எண், பெற்றவர், கொடுத்த நாள், ஆக்டிவேஷன், கேட்ட தேதிகள், முடிவு என்று ஆறு கட்டம் போதும். கொடுத்த பத்தாம் நாள் ஒரு நினைவூட்டல், மூன்றாம் மாதம் ஒரு விசாரிப்பு. முதல் அழைப்பே பெரும்பாலான புகார்களைத் தடுக்கும், ஏனென்றால் ஆக்டிவேஷன் கெடுவைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. மூன்று தேதியும் கிடைக்காதவருக்கு ஈடு செய்ய, ஒவ்வொரு வவுச்சருக்கும் அதன் கொள்முதல் விலையைப் போல இரு மடங்கைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது. வவுச்சர் நிறுவனங்கள் மூடப்படுவதும் பெயர் மாறுவதும் நடக்கும். அப்படி நடந்தால் பதிவேட்டில் ‘முடிவு’ கட்டம் காலியாக உள்ளவர்களை நீங்களே முதலில் அழைத்து, அவர்கள் கேட்பதற்கு முன் மாற்றுப் பரிசைச் சொல்லிவிடுங்கள். ஆக்டிவேஷன் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்தத் தொகையையும் சேர்த்து.