கம்பியில்லா ஹேண்ட்செட்: மூன்று தடைக்காலம் தாண்டிய பிறகு

விசைப்படகில் வி.எச்.எஃப் ரேடியோவின் மெயின் செட் படகு ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் இருக்கும், வேலை நடப்பதோ பின்தளத்தில். நடுவில் ஓடாமல் இருக்கத்தான் கம்பியில்லா ஹேண்ட்செட். முதல் வருஷம் எந்தக் கம்பெனிச் செட்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மீன்பிடித் தடைக்காலம் தாண்டினால்தான் அதன் குணம் வெளியே வரும்.

பழுது பார்க்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது வாக்கி-டாக்கி இல்லை. ஹேண்ட்செட் பேசுவது மெயின் செட்டோடு மட்டும், பெரும்பாலான மாடல்களில் 2.4 கிகாஹெர்ட்ஸில். மற்ற படகுகளோடும் கரையோடும் பேசுவது மெயின் செட். ஆபத்துக்கும் அழைப்புக்குமான பொதுச் சேனல் 16 என்றால் 156.800 மெகாஹெர்ட்ஸ். மெயின் செட்டுக்குக் கரண்ட் போனால் ஹேண்ட்செட் வெறும் டப்பா. கடலில் விழுந்தவர் கையில் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்த ஆபத்துக்கு மெயின் செட் இல்லாமலே பேசும் 5 வாட் கைச்செட் ஒன்று தனியாக வேண்டும்.

ஆகவே 'ஹேண்ட்செட் வேலை செய்யவில்லை' என்றதும் முதலில் மெயின் செட்டின் கம்பி மைக்கை எடுத்துப் பேசிப் பாருங்கள். அதிலும் கேட்கவில்லை என்றால் ஹேண்ட்செட்டை விட்டுவிட்டு ஆன்டெனா, கேபிள், பேட்டரி பக்கம் போகலாம். ஆன்டெனா கேபிளின் பி.எல்-259 கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக்களிம்பு இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

ஆளைக் குழப்பும் பழுது ஒன்று உண்டு. ஹேண்ட்செட்டில் கேட்பது தெளிவாகக் கேட்கும். பேச பட்டனை அழுத்தியதும் தொடர்பு அறுந்து, திரையில் மெயின் செட்டைத் தேடும் குறி வரும். ஹேண்ட்செட் போய்விட்டது என்று கடைக்குக் கொண்டு போவார்கள். மெயின் செட்டை 1 வாட்டுக்கு மாற்றி அதே பட்டனை அழுத்திப் பாருங்கள். 1 வாட்டில் அறுபடாமல் 25 வாட்டில் மட்டும் அறுபட்டால் குற்றவாளி பெரும்பாலும் மின் வயர்தான். 25 வாட்டில் அனுப்பும்போது செட் சுமார் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ வயர் ஓட்டியிருந்தால், போக வர 10 மீட்டரில் மட்டும் 0.6 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். களிம்பேறிய ஃபியூஸ் ஹோல்டர் இன்னும் கொஞ்சம் தின்னும். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது 12.2 வோல்ட்டில் நிற்கும் பேட்டரிக்கு இது தாங்காது. மெயின் செட் ஒரு நொடி அணைந்து எழும், ஹேண்ட்செட் அநாதையாகும். மல்டிமீட்டரை செட்டின் பின்பக்க வயரிலேயே வைத்து, ஒருவர் பட்டனை அழுத்த அளக்க வேண்டும். பேட்டரி முனையில் அளந்து 'வோல்ட் சரியாத்தான் இருக்கு' என்பது வீண் வேலை. பல செட்டுகள் 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தகராறு செய்யும். வயரை 4 சதுர மி.மீ-க்கு மாற்றினால் இழப்பு கால் வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

24 வோல்ட் படகில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பேட்டரி எப்போதும் பாதி காலியாக, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி, இரண்டும் சீக்கிரம் சாகும். 24-12 கன்வெர்ட்டர் வைப்பதுதான் முறை. அதுவும் மட்டமானதாக இருந்தால் ரேடியோவில் இரைச்சல் வரும்.

அடுத்தது ஹேண்ட்செட்டின் பேட்டரி. கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஹேண்ட்செட்டைச் சார்ஜ் இல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், லித்தியம் செல் தானே கசிந்து 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். செல்லின் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் போகும் வழியை அடைத்துவிடும். ஜூன் 15 அன்று சார்ஜ் ஸ்டாண்டில் வைத்தால் உயிரே இருக்காது. அப்படி இறங்கிய செல்லை வேறு சார்ஜரில் நேராக மாட்டி எழுப்புவது தீப்பிடிக்கும் வேலை, மாற்றத்தான் வேண்டும். பாதிச் சார்ஜில் அணைத்து, வீட்டில் நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. வெயில் நேராக விழும் கண்ணாடி ஓரத்தில் ஸ்டாண்டைப் பொருத்தி, இரவும் பகலும் சார்ஜிலேயே விட்டால் செல் உப்பும். முதுகுப்பக்க மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் சீல் போய்விட்டது. ஐ.பி.எக்ஸ் 7 என்று பெட்டியில் போட்டிருப்பது 1 மீட்டர் நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கு. மூடி இறுகியிருந்தால்தான் அந்தக் கணக்கு.

சார்ஜ் முனைகளில் கரண்ட் இருக்கும்போது உப்புநீர் பட்டால் மின்னரிப்பு தொடங்கிவிடும். ஸ்டாண்டின் கரண்டை நிறுத்தி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கவும். போகாத கறைக்குப் பென்சில் அழிக்கும் ரப்பர். உப்புத்தாள் போட்டால் தங்கப்பூச்சு போய், அடுத்த மாதமே இரட்டிப்பாய்ப் பச்சை பிடிக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது, ஹேண்ட்செட்டின் சீல் ரப்பர் ஊதிவிடும்.

குரல் அமுங்கிக் கேட்கிறது என்று புகார் வந்தால் மைக் துளையில் உப்போ மீன் செதிலோ அடைத்திருக்கும். குண்டூசி விடாதீர்கள், உள்ளே இருக்கும் நீர்த்தடுப்புச் சவ்வு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவி, முகம் கீழாகக் கவிழ்த்து உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பேசும் பட்டனின் ரப்பருக்கு அடியில் உப்பு கட்டினால் அது அழுந்தியே நிற்கும். விட்ட பிறகும் திரையில் அனுப்பும் குறி அணையவில்லையா என்று பாருங்கள். சேனல் 16-ல் இப்படி மாட்டிக்கொண்டால் சுற்றியுள்ள படகுகள் அத்தனைக்கும் வாய் அடைத்த மாதிரி. 5 நிமிடத்தில் தானே நிற்கும் வசதி பல செட்டில் உண்டு, ஆனால் அவசர நேரத்தில் 5 நிமிடம் நீளம்.

பின்தளத்தில் மட்டும் விட்டுவிட்டு அறுந்தால் நடுவில் இரும்புச் சுவர், ஐஸ் பெட்டி, நனைந்த வலைக்குவியல் எது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உலோகமும் தண்ணீரும் ஆகாது. இரும்பு வீல்ஹவுஸில் மெயின் செட்டை ஜன்னலோரம் நகர்த்துவதே மலிவான வைத்தியம். இணைப்பே காட்டாவிட்டால் இரண்டையும் அணைத்து, மெயின் செட்டை முதலில் போட்டு, பக்கத்தில் வைத்து மெனுவில் மறுபடி பதிவு செய்யவும். கடைசி முயற்சியாக மட்டும் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் படகின் ரேடியோ அடையாளமான, 419-ல் தொடங்கும் உங்கள் எம்.எம்.எஸ்.ஐ எண்ணைக் குறித்து வையுங்கள். சில மாடலில் அது அழியும், திரும்பப் போட டீலர்தான் வர வேண்டும். அந்த எண் இல்லாமல் ஹேண்ட்செட்டின் சிவப்பு பட்டனை அழுத்தினால் டிஜிட்டல் அழைப்புக்கான சேனல் 70-ல் ஆபத்து அழைப்பு போகாது.

புதிதாக வாங்குவோர் விலையை விட்டுவிட்டு பேட்டரி மூடியை முதலில் பாருங்கள். ஸ்க்ரூ கழற்றிச் செல்லை மாற்றலாம் என்றால் நாலைந்து வருஷம் ஓட்டலாம். ஒட்டி மூடிய மாடல் என்றால் செல் சாகிற அன்று ஹேண்ட்செட்டும் போச்சு.